குனோங் பிரிஞ்சாங் உச்சிக்கு மலை சைக்கிளில்: புறப்படும் முன் போட வேண்டிய கணக்குகள்

"கேமரன் மலைதானே, சும்மா போய்ட்டு வந்துடலாம்லா!"

வாட்ஸ்அப் குழுவில் யாராவது ஒருவர் இப்படித்தான் ஆரம்பிப்பார். அடுத்த பத்து நிமிடத்தில் ஆறு பேர் கை தூக்கியிருப்பார்கள். தேதி முடிவாகிவிடும், ஜெர்சி நிறம்கூட முடிவாகிவிடும். எத்தனை மணிக்குள் உச்சியைத் தொட வேண்டும், தொட முடியாவிட்டால் எங்கே திரும்புவது என்பதை மட்டும் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

கேமரன் மலையின் குனோங் பிரிஞ்சாங் உச்சிக்கு மலை சைக்கிளில் ஏறுவது சாதாரண உடல்நிலை உள்ள, முறையாகப் பயிற்சி செய்த எவருக்கும் முடியக்கூடிய ஒன்றுதான். ஆனால் கணக்குப் போடாமல் போனால் அதே பாதை ஆபத்தாக மாறும். அந்தக் கணக்குகளை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

சுருக்கமாக:

• உச்சியின் உயரம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,030 மீட்டர்.
• தாப்பாவிலிருந்து ஒரே நாளில் ஏறுவது அனுபவசாலிகளுக்கு மட்டும். மற்றவர்கள் இரண்டு நாளாகப் பிரிப்பது நல்லது.
• பெரிய எதிரி செங்குத்தான சாலை அல்ல. பிற்பகல் மழையும் இறக்கமும்தான்.
• "எத்தனை மணிக்குத் திரும்புவோம்?" என்பதை வீட்டிலேயே முடிவு செய்துவிடுங்கள்.

ஏன் குனோங் பிரிஞ்சாங்?

பஹாங், பேராக் மாநிலங்களின் எல்லையில் நிற்கும் மலை இது. தீபகற்ப மலேசியாவில் வாகனம் ஏறக்கூடிய சாலைகளில் ஆக உயரமான இடத்துக்குப் போவது இதன் உச்சிச் சாலைதான். மேலே தொலைத்தொடர்புக் கோபுரங்களும் ஒரு பார்வைக் கோபுரமும் உள்ளன.

2,030 மீட்டர் என்றால் எவ்வளவு? கோலாலம்பூரின் மெர்டேக்கா 118 கோபுரம் 678.9 மீட்டர். அதைப்போல மூன்றை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் கிட்டத்தட்ட பிரிஞ்சாங் உச்சி. சிங்கப்பூர் வாசகர்களுக்குச் சொல்வதானால், 163 மீட்டர் உயரமுள்ள புக்கிட் தீமாவைப் போல 12 மடங்கு.

சாலை இருக்கிறதே, பிறகு ஏன் மலை சைக்கிள்? சுங்கை பாலாஸ் தேயிலைத் தோட்டத்தைத் தாண்டி மேலே செல்லும் சாலை குறுகலானது. தார் பெயர்ந்த இடங்களும் பள்ளங்களும் உண்டு. ஈரமானால் ஓரங்களில் பாசி வழுக்கும். அகலமான டயர், வட்டு பிரேக், இலகுவான கியர் மூன்றும் உள்ள மலை சைக்கிளுக்கு அங்கே வேலை இருக்கிறது.

எங்கிருந்து தொடங்குவது?

மூன்று வழிகள் உள்ளன. உங்கள் உடல்நிலைக்கு எது பொருந்தும் என்று பாருங்கள். தூரங்கள் எல்லாம் தோராயமானவை. உங்கள் தொடக்கப் புள்ளியை வைத்து வரைபடச் செயலியில் மறுபடி அளந்துகொள்ளுங்கள்.

முதல் வழி, தானா ராத்தாவிலிருந்து. தானா ராத்தா ஏற்கெனவே சுமார் 1,440 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கிருந்து பிரிஞ்சாங் பட்டணம், சுங்கை பாலாஸ் சந்திப்பு, தோட்டச் சாலை, உச்சி. ஒரு வழித் தூரம் சுமார் 15 கிலோமீட்டர், நிகர ஏற்றம் சுமார் 600 மீட்டர். முதல் முறை போகிறவர்களுக்கு இதுதான் சரி.

இரண்டாவது வழி, ரிங்லெட்டிலிருந்து. தானா ராத்தாவுக்கு 13 கிலோமீட்டர் தெற்கே இருக்கும் பட்டணம் இது. ஏற்றம் 900 மீட்டர் அளவுக்குக் கூடும். ஒரு நாள் முழுக்க வேலை கொடுக்கும், ஆனால் முடிக்கக்கூடிய பயணம்.

மூன்றாவது வழி, தாப்பாவிலிருந்து. கூட்டரசு சாலை 59-இல், லாத்தா இஸ்கந்தர் அருவியைக் கடந்து, காட்டின் நடுவே வளைந்து வளைந்து தானா ராத்தா வரை சுமார் 60 கிலோமீட்டர். உச்சியையும் சேர்த்தால் 75 கிலோமீட்டர். தாப்பா சமவெளியில் இருப்பதால் ஏறவேண்டிய உயரம் ஏறக்குறைய 2,000 மீட்டர்.

"நாங்க வாராவாரம் 80 கிலோமீட்டர் ஓட்டுறோம், தாப்பாவிலிருந்தே போறோமே" என்று தோன்றலாம். சமவெளி 80 கிலோமீட்டரும் மலை 75 கிலோமீட்டரும் ஒன்றல்ல. அடுத்த கணக்கு அதைத்தான் காட்டுகிறது.

எவ்வளவு நேரம் ஆகும்?

மலைப் பயணத்துக்கு இரண்டு கணக்குப் போட வேண்டும். ஒன்று தூரத்தை வைத்து, மற்றொன்று உயரத்தை வைத்து. இரண்டில் எது அதிக நேரம் காட்டுகிறதோ, அதை எடுத்துக்கொள்ளுங்கள்.

உயரக் கணக்கு இப்படி. மிதமான பயிற்சி உள்ள ஒருவர் மணிக்கு 400 மீட்டர் உயரம் ஏறுவார் என்று வைத்துக்கொள்ளலாம். நல்ல பயிற்சி உள்ளவர்கள் 600 அல்லது 700 மீட்டர் ஏறுவார்கள். தானா ராத்தாவிலிருந்து 600 மீட்டர் என்றால் மிதித்துக்கொண்டிருக்கும் நேரம் மட்டும் ஒன்றரை மணி நேரம். படம் எடுக்க, தண்ணீர் குடிக்க, பின்தங்கியவருக்காகக் காத்திருக்க ஒரு மணி நேரம் சேருங்கள். இரண்டரை மணி நேரம்.

இப்போது தாப்பா. தாப்பாவிலிருந்து தானா ராத்தாவுக்கு 1,400 மீட்டர். உயரக் கணக்குப்படி மூன்றரை மணி நேரம். ஆனால் அது 60 கிலோமீட்டர். மூன்றரை மணி நேரத்தில் முடிக்க வேண்டுமானால், கனமான மலை சைக்கிளில் தொடர்ந்து மணிக்கு 17 கிலோமீட்டர் வேகத்தில் ஏற வேண்டும். பெரும்பாலோருக்கு நடக்காத காரியம். மணிக்கு 12 கிலோமீட்டர் என்று வைத்தால் 5 மணி நேரம். ஓய்வையும் சேர்த்தால் ஆறு, ஆறரை மணி நேரம்.

காலை மணி 7-க்குத் தாப்பாவில் கிளம்பினால் தானா ராத்தாவைச் சேரும்போதே பிற்பகல் மணி 1.30. அங்கிருந்து உச்சிக்கு இன்னும் இரண்டரை மணி நேரம். அதாவது மாலை மணி 4-க்கு, களைத்த காலோடு, மழை கொட்டும் நேரத்தில் உச்சியில் நிற்பீர்கள். பிறகு இறங்கவும் வேண்டும்.

இதனால்தான் தாப்பாவிலிருந்து போகிறவர்கள் முதல் நாள் தானா ராத்தாவில் தங்கி, மறுநாள் காலை உச்சிக்குப் போவது நல்லது. இரண்டு நாளாகப் பிரித்ததால் உங்கள் சாதனை ஒரு மீட்டர்கூடக் குறையாது.

சாலை எவ்வளவு செங்குத்து?

சாய்வை விழுக்காட்டில் சொல்வார்கள். 100 மீட்டர் முன்னால் போகும்போது 6 மீட்டர் மேலே ஏறினால் அது 6 விழுக்காடு.

தாப்பா சாலையின் சராசரி 2.3 விழுக்காடு மட்டுமே. அது களைப்பைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்க்கும் ரகம். சுங்கை பாலாஸ் சந்திப்பிலிருந்து உச்சி வரையிலான கடைசி ஏற்றம் வேறு மாதிரி. சராசரி 6 விழுக்காடு அளவில் இருந்தாலும், சில திருப்பங்கள் அதைவிட நன்றாகவே செங்குத்தானவை. சராசரியைப் பார்த்து ஏமாறக்கூடாது. முதலில் கொஞ்சம் சமதரை, பிறகு திடீர் ஏற்றம் என்றாலும் சராசரி அதே எண்ணைத்தான் காட்டும்.

இங்கேதான் கியர் முக்கியமாகிறது. முன்பக்கம் 32 பல், பின்பக்கம் 50 பல் உள்ள 29 அங்குல மலை சைக்கிளை எடுத்துக்கொள்வோம். நிமிடத்துக்கு 60 முறை மிதித்தால் மணிக்கு 5 கிலோமீட்டருக்குச் சற்று அதிகமான வேகம் கிடைக்கும். சைக்கிள், பை, நீங்கள் எல்லாம் சேர்ந்து 88 கிலோ என்றால், 12 விழுக்காடு சாய்வில் அந்த வேகத்துக்குச் சுமார் 150 வாட் சக்தி போதும்.

இதையே முன் 34 பல், பின் 28 பல் உள்ள சாலை சைக்கிளில் அதே மிதி வேகத்தில் செய்தால் மணிக்கு 9 கிலோமீட்டர் வரும். ஆனால் 260 வாட்டுக்கு மேல் வேண்டும். அதைச் சில நிமிடங்களுக்கு மேல் தாக்குப்பிடிப்பது பலருக்குச் சிரமம்.

சைக்கிள் கடையில், "என் சைக்கிளில் ஆகக் குறைந்த கியர் என்ன?" என்று கேளுங்கள். பின்பக்கப் பெரிய சக்கரத்தின் பல் எண்ணிக்கை முன்பக்கத்தைவிட நன்றாக அதிகமாக இருக்க வேண்டும். இல்லையென்றால் மாற்ற எவ்வளவு ஆகும் என்றும் கேட்டுவிடுங்கள்.

இன்னொன்று. இறங்கித் தள்ளுவது வெட்கப்படவேண்டிய விஷயமே இல்லை. மணிக்கு 5 கிலோமீட்டரில் ஆடி ஆடி ஓட்டி, லோரி வரும் பக்கம் சாய்வதைவிட 200 மீட்டர் தள்ளிக்கொண்டு நடப்பது புத்திசாலித்தனம்.

எந்த மாதம், எத்தனை மணிக்கு?

கேமரன் மலையில் ஆண்டு முழுவதும் மழை உண்டு. ஏப்ரல், மே மாதங்களிலும், அக்டோபர், நவம்பர் மாதங்களிலும் கூடுதலாகப் பெய்யும். ஜனவரி, பிப்ரவரி மாதங்கள் ஒப்பீட்டளவில் காய்ந்தவை. மழை பெரும்பாலும் பிற்பகலில் வரும். காலையில் வானம் பளிச்சென்று இருப்பது பிற்பகலுக்கு உத்தரவாதம் அல்ல.

பள்ளி விடுமுறை, நீண்ட வார இறுதி, பொது விடுமுறை நாள்களைத் தவிருங்கள். தானா ராத்தாவுக்கும் கீ ஃபார்முக்கும் இடையே கார்களும் பேருந்துகளும் காய்கறி லோரிகளும் ஊர்ந்துகொண்டிருக்கும். அந்தப் புகையில் ஏறுவது உடலுக்கும் நல்லதல்ல, மனத்துக்கும் நல்லதல்ல.

நம் நாட்டில் வெளிச்சம் வர காலை மணி 7 ஆகிவிடும். மணி 7.15 போலக் கிளம்பி, மணி 10-க்குள் உச்சி, நண்பகலுக்குள் பட்டணம் என்று திட்டமிட்டால் நாள் உங்கள் பக்கம் இருக்கும். காலையில் மூடுபனி இருந்தால் முன்விளக்கும் பின்பக்கச் சிவப்பு விளக்கும் கட்டாயம் எரிய வேண்டும்.

அவ்வளவு உயரத்தில் மூச்சு வாங்குமா?

கொஞ்சம் வாங்கும். 2,000 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதைப்போல ஐந்தில் நான்கு பங்குதான். அதே வேகத்துக்கு இதயம் சற்று வேகமாகத் துடிக்கும். ஆனால் உயர நோய் என்று சொல்லப்படும் தலைவலி, வாந்தி போன்றவை பொதுவாக 2,500 மீட்டருக்கு மேல்தான் கவலை தருபவை. பிரிஞ்சாங்கில் தலை சுற்றினால் உயரத்தைக் குறை சொல்வதற்கு முன், காலையில் என்ன சாப்பிட்டீர்கள், எவ்வளவு தண்ணீர் குடித்தீர்கள் என்று பாருங்கள்.

இதய நோய், ஆஸ்துமா, உயர் இரத்த அழுத்தம் உள்ளவர்கள் முன்கூட்டியே மருத்துவரிடம் பேசுவது அவசியம். ஏறும்போது நெஞ்சு இறுக்கம், கை அல்லது தாடை வலி வந்தால் அங்கேயே நிறுத்துங்கள். "இன்னும் கொஞ்சம்தான்" என்ற பேச்சே கூடாது.

என்ன சாப்பிடுவது?

88 கிலோ எடையை 500 மீட்டர் மேலே தூக்க உடல் சுமார் 430 கலோரி செலவழிக்கிறது. 2,000 மீட்டர் என்றால் சுமார் 1,700 கலோரி. இது புவியீர்ப்பை எதிர்க்க மட்டும்தான். டயர் உராய்வு, காற்று எல்லாம் தனி.

உடலில் சேமித்து வைத்த மாவுச்சத்து சில மணி நேரத்தில் தீர்ந்துவிடும். தீர்ந்துபோனால் கால் திடீரென்று காலியான மாதிரி இருக்கும், கை நடுங்கும், எரிச்சல் வரும். அதனால் பசிக்கும் முன்பே சாப்பிட வேண்டும். மணிக்கு 30 முதல் 60 கிராம் மாவுச்சத்து என்பது பொதுவான அளவு. ஒரு நடுத்தர வாழைப்பழத்தில் சுமார் 25 கிராம் இருக்கும். விலை கூடிய ஜெல்தான் வேண்டும் என்பதில்லை. வாழைப்பழம், காயா தடவிய ரொட்டி, பேரீச்சம்பழம், கடலை மிட்டாய் எல்லாமே வேலை செய்யும்.

காலை உணவைக் கிளம்புவதற்கு இரண்டு மணி நேரம் முன்னால் முடித்துவிடுங்கள். இட்லி, தோசை நல்லது. சம்பல் தளும்பும் நாசி லெமாக்கையும் இரண்டு ரொட்டி சானாயையும் கீழே இறங்கி வந்தபிறகு வைத்துக்கொள்ளலாம். எண்ணெய் செரிக்க நேரமெடுக்கும், ஏற்றத்தில் நெஞ்சைக் கரிக்கும்.

தண்ணீர் மணிக்கு அரை லிட்டர் முதல் முக்கால் லிட்டர் வரை. தாப்பா பக்கத்து வெயிலில் இன்னும் கூடும். நிறைய வேர்க்கும் நாளில் வெறும் தண்ணீரை மட்டும் லிட்டர் கணக்கில் குடிப்பதும் சரியல்ல. உப்பும் சேர வேண்டும். ஒரு போத்தலில் தண்ணீர், இன்னொன்றில் உப்பு, சீனி கலந்த எலுமிச்சைச் சாறு என்று வைத்துக்கொள்ளுங்கள். பட்டணத்தைத் தாண்டியபின் மேலே கடை இருக்கும் என்று நம்பிப் போகாதீர்கள்.

எத்தனை வாரம் பயிற்சி?

வாரத்துக்கு இரண்டு மூன்று முறை ஓட்டும் பழக்கம் உள்ளவருக்கு எட்டு வாரம் நியாயமான காலம். மூன்று விதிகள் போதும்.

முதலாவது, தூரத்தைவிட ஏற்றத்தை எண்ணுங்கள். உங்கள் வட்டாரத்தில் 60 மீட்டர் உயரமுள்ள ஒரு மேடு இருந்தால், அதைப் பத்து முறை ஏறி இறங்கினால் 600 மீட்டர். தானா ராத்தாவிலிருந்து உச்சிக்கு உள்ள ஏற்றம் அதுதான். கோலாலம்பூர்க்காரர்களுக்கு உலு யாம், பிரேசர் மலைச் சாலைகள் உண்டு. சிங்கப்பூரில் இருப்பவர்கள் ஒரே மேட்டைத் திரும்பத் திரும்ப ஏறித்தான் ஆக வேண்டும். அலுப்புத்தான், ஆனால் பலன் தரும்.

இரண்டாவது, ஒரே வாரத்தில் அளவை அதிகமாகக் கூட்டாதீர்கள். வாரத்துக்குப் பத்தில் ஒரு பங்கு என்பது முழங்காலைக் காப்பாற்றும் வேகம். நான்காவது வாரத்தைச் சற்று லேசாக வைத்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது, கடைசி இரண்டு வாரங்களில் ஒருமுறையாவது முழுப் பையோடு, அதே காலணியோடு, அதே சாப்பாட்டோடு ஓட்டிப் பாருங்கள். புது இருக்கையையோ புது உணவையோ மலையில் முதல்முறையாகச் சோதிப்பது வேண்டாத வேலை.

வெப்பமண்டலத்தில் குளிர் ஆபத்தாகுமா?

ஆகும். பலர் இதை நம்ப மாட்டார்கள். ஒவ்வொரு 1,000 மீட்டருக்கும் வெப்பநிலை சுமார் 6.5 பாகை குறையும். தாப்பாவில் 33 பாகை செல்சியஸ் என்றால் உச்சியில் 20 பாகை. கேட்க இதமாக இருக்கும். ஆனால் வேர்வையிலோ மழையிலோ நனைந்த சட்டையோடு, மிதிக்காமல், மணிக்கு 30 கிலோமீட்டர் காற்றை வாங்கிக்கொண்டு இறங்கும்போது உடல் சூடு வேகமாகப் போய்விடும். விரல் விறைத்தால் பிரேக்கைச் சரியாகப் பிடிக்க முடியாது. ஆபத்து அங்கேதான்.

பையில் இருக்க வேண்டியவை: காற்றையும் மழையையும் தடுக்கும் மெல்லிய மேல்சட்டை, பிளாஸ்டிக் பையில் கட்டிய ஒரு காய்ந்த உள்சட்டை, முழுவிரல் கையுறை. உச்சியை அடைந்ததும் படம் எடுப்பதற்கு முன் சட்டையை மாற்றுங்கள்.

எப்போது திரும்ப வேண்டும்?

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு பகுதியை மட்டும் நினைவில் வைத்துக்கொள்வீர்கள் என்றால், அது இதுவாக இருக்கட்டும்.

சில ஆண்டுகளுக்கு முன் நாங்கள் நான்கு பேர் தானா ராத்தாவிலிருந்து கிளம்பினோம். மணி 7-க்குப் புறப்படுவதாகத் திட்டம். ஒருவர் தூங்கிவிட்டார், இன்னொருவரின் டயரில் காற்று இல்லை. கிளம்பும்போது மணி 10. தோட்டத்தைத் தாண்டி மேலே ஏறிக்கொண்டிருந்தபோது நேரம் பிற்பகல் 1 ஆகிவிட்டது. உச்சிக்கு இன்னும் இரண்டு கிலோமீட்டர்கூட இல்லை. எதிரே இறங்கி வந்த தோட்டத்து லோரி நின்றது. ஓட்டுநர் தலையை வெளியே நீட்டிச் சொன்னார்: "மேல மூடிக்கிச்சு தம்பி. இன்னும் கா மணி நேரத்துல ஊத்தும். இந்த ரோட்ல தண்ணி எறங்குனா பள்ளம் எது, மேடு எதுன்னு தெரியாது."

நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். இவ்வளவு தூரம் வந்துவிட்டு எப்படி? ஐந்து நிமிடம் வாக்குவாதம். பிறகு "சரிங்கண்ணே" என்று திரும்பினோம். பாதி இறக்கத்தில் மழை பிடித்தது. அவர் சொன்னது போலவே சாலை முழுக்கச் செந்நிறத் தண்ணீர், பள்ளம் எதுவும் தெரியவில்லை. எங்களில் ஒருவருக்குக் கை நடுங்கி பிரேக் பிடிக்க முடியாமல் போனது. மீதித் தூரத்தை நான்கு பேரும் நடந்தே இறங்கினோம். உச்சியிலிருந்து அப்படி இறங்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இன்றும் யோசிப்பதுண்டு. அடுத்த ஆண்டு பிப்ரவரியில் போய் முடித்தோம், காலை மணி 9.50-க்கு.

பாடம் எளிது. களைத்துப் போனபிறகு எடுக்கும் முடிவு பெரும்பாலும் தப்பாகத்தான் இருக்கும். அதனால் வீட்டிலேயே முடிவு செய்யுங்கள். தானா ராத்தாவிலிருந்து போகிறவர்களுக்கு: "மணி 11 ஆகிவிட்டால், எங்கே இருந்தாலும் திரும்புவோம்." இதை எல்லாரும் ஒப்புக்கொண்டபிறகே கிளம்புங்கள். தாமதமாகப் புறப்பட்டாலும் இந்த நேரம் மாறக்கூடாது. எங்கள் தவறு அதுதான். புறப்படும் நேரம் மூன்று மணி நேரம் தள்ளிப்போனபோது, திரும்பும் நேரத்தையும் நாங்களாகவே தள்ளிவைத்துவிட்டோம்.

இறக்கத்தில் என்ன கவனிக்க வேண்டும்?

ஏற்றம் களைப்பைத் தரும். காயத்தைத் தருவது பெரும்பாலும் இறக்கம். 2010 டிசம்பரில் கேமரன் மலையிலிருந்து இறங்கிய சுற்றுலாப் பேருந்து விபத்துக்குள்ளாகி 25-க்கும் மேற்பட்டோர் மாண்டது இந்த நாட்டின் மோசமான சாலை விபத்துகளில் ஒன்று. சைக்கிளும் பேருந்தும் ஒன்றல்ல. ஆனால் நீண்ட இறக்கம் எந்த வாகனத்தையும் சோதிக்கும்.

ஒரு கணக்கு. 88 கிலோ எடை 500 மீட்டர் இறங்கும்போது வெளியாகும் சக்தி, குழாய்த் தண்ணீர் ஒரு லிட்டருக்கு மேல் கொதிக்க வைக்கப் போதுமானது. அதில் ஒரு பகுதியைக் காற்று வாங்கிக்கொள்ளும். மீதி உங்கள் பிரேக் வட்டிலும் பட்டையிலும் சூடாகச் சேரும். பிரேக்கை விடாமல் லேசாக அழுத்திக்கொண்டே வந்தால் அந்தச் சூடு ஆற நேரமே கிடைக்காது. பிரேக் பிடி தளர ஆரம்பிக்கும்.

சரியான முறை இது. திருப்பத்துக்கு முன் நன்றாக அழுத்தி வேகத்தைக் குறையுங்கள், பிறகு விடுங்கள். முன் பிரேக், பின் பிரேக் இரண்டையும் சேர்த்துப் பயன்படுத்துங்கள். இரண்டு மூன்று கிலோமீட்டருக்கு ஒருமுறை நின்று ஆறவிடுங்கள். நின்றதும் வட்டைத் தொட்டுப் பார்க்காதீர்கள், தோல் வெந்துவிடும்.

புறப்படும் வாரத்தில் பிரேக் பட்டையைக் கழற்றிப் பாருங்கள். உராயும் பகுதி 1 மில்லிமீட்டரை நெருங்கியிருந்தால் மலைக்கு முன் மாற்றிவிடுங்கள். 0.5 மில்லிமீட்டர் என்பது கட்டாயம் மாற்ற வேண்டிய நிலை. கைப்பிடி மெத்தென்று உள்ளே போனால் எண்ணெய்க் குழாயில் காற்று புகுந்திருக்கலாம். கடையில் காட்டுங்கள். டயரில் வெட்டு இருக்கிறதா என்றும் பாருங்கள்.

குறுகிய திருப்பங்களில் எதிரே வாகனம் வருகிறது என்றே எண்ணிக்கொண்டு இடப்பக்கமாக வாருங்கள். இது போட்டிப் பாதை அல்ல, தோட்டத்து மக்கள் வேலைக்குப் போகும் சாலை.

இந்தச் சாலை யாருடையது?

1885-இல் வில்லியம் கேமரன் இந்த மேட்டு நிலத்தை அளக்க வந்தார். அவர் பெயரே மலைக்கும் நிலைத்தது. 1929-இல் ஜே.ஏ. ரசல் தொடங்கிய போ தேயிலை நிறுவனத்தின் தோட்டங்களில் ஒன்றுதான் சுங்கை பாலாஸ். இந்த மலையின் தேயிலைச் சரிவுகளில் உழைத்தவர்களில் பெரும்பகுதியினர் தமிழர்கள். நம்மில் பலருக்குத் தாத்தா பாட்டி காலத்துக் கதையாகத் தெரிந்த தோட்ட வாழ்க்கை அது. இன்று வெளிநாட்டுத் தொழிலாளர்களும் அங்கே நிறைய பேர். நீங்கள் படம் எடுக்கும் பச்சைச் சரிவு அவர்களுக்கு வேலையிடம். கொழுந்து ஏற்றிய லோரிக்கு ஒதுங்கி வழி விடுங்கள், செடிகளுக்கு நடுவே சைக்கிளை இறக்காதீர்கள். தாப்பா சாலையில் பூர்வக்குடி மக்களின் கம்போங்குகளும் சாலையோரக் கடைகளும் உண்டு. அங்கே வேகத்தைக் குறையுங்கள்.

உச்சியை நெருங்கும்போது வருவது பாசிக்காடு. மேகம் தொட்டு நனையும் மரங்கள், தண்டு முழுக்கப் பாசி, நடுநடுவே குடுவைச் செடிகள். அங்குள்ள மண் பஞ்சு போன்றது. ஒரு டயர் தடம் பதிந்தால் மழைநீர் அந்தத் தடத்திலேயே ஓடி அரித்துவிடும். எனவே தார்ச் சாலையை விட்டு விலகக் கூடாது. மரப்பலகை நடைபாதையில் சைக்கிளை ஏற்றவே கூடாது.

மிக முக்கியம்: உச்சிச் சாலையும் பாசிக்காடும் பராமரிப்பு, மண்சரிவு போன்ற காரணங்களால் மூடப்படுவதுண்டு. அனுமதி விதிகளும் மாறும். சென்ற ஆண்டு போனவர் சொன்னதை நம்பிக் கிளம்பாதீர்கள். புறப்படும் வாரத்தில் வனத்துறையிடமோ உள்ளூர் சுற்றுலாத் தகவல் நிலையத்திலோ கேட்டு உறுதிப்படுத்துங்கள். மூடியிருந்தால் தடுப்பைத் தாண்டிப் போவது வீரம் அல்ல.

ஏதாவது ஆகிவிட்டால்?

தனியாகப் போகாதீர்கள். மூன்று பேர் இருந்தால் ஒருவர் காயப்பட்டவருடன் இருக்க, மற்றவர் உதவி தேடிப் போகலாம். அனுபவம் உள்ள ஒருவர் எப்போதும் கடைசியாக வரட்டும்.

கைத்தொலைபேசிச் சமிக்ஞை எல்லாத் திருப்பங்களிலும் கிடைக்காது. வரைபடத்தை முன்கூட்டியே பதிவிறக்கி வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் வழி, புறப்படும் நேரம், திரும்பும் நேரம் மூன்றையும் வீட்டில் ஒருவரிடம் எழுதிக் கொடுங்கள். "மணி 2-க்குள் அழைக்காவிட்டால் நீங்கள் அழையுங்கள், கிடைக்காவிட்டால் 999" என்று சொல்லிவிட்டுப் போங்கள்.

கிளம்பும் முன் கடைசிப் பட்டியல்:

• தலைக்கவசம், முன் பின் விளக்குகள்
• உபரி டியூப் இரண்டு, காற்றடிக்கும் பம்ப், டயர் கழற்றும் கருவி, சங்கிலி இணைப்பு
• முதலுதவிப் பொருள்கள், வழக்கமாக எடுக்கும் மருந்து
• மழைச்சட்டை, காய்ந்த உள்சட்டை, கையுறை
• இரண்டு போத்தல் தண்ணீர், மூன்று மணி நேரத்துக்கான உணவு
• அடையாள அட்டை, கொஞ்சம் ரொக்கம், முழுதாக மின்னூட்டிய கைத்தொலைபேசி
• எல்லாரும் ஒப்புக்கொண்ட திரும்பும் நேரம்

கடைசியில் உள்ளதற்குப் பணமும் தேவையில்லை, எடையும் கிடையாது. ஆனால் பெரும்பாலோர் வீட்டிலேயே விட்டுவிட்டுப் போவது அதைத்தான். அடுத்த முறை குழுவில் யாராவது "சும்மா போய்ட்டு வந்துடலாம்லா" என்று எழுதினால், முதல் பதிலாக ஒரே ஒரு கேள்வி போடுங்கள்: "எத்தனை மணிக்குத் திரும்புறோம்?"